பெருவிரல்

சுன்னாகம் சந்தைக்குப் பின்னால்
கபிரியேலின் பழைய இரும்புக் கடை.
காணிப் பதிவகம் பூட்டியிருக்கும் சனிக்கிழமைகளில்
அங்கே போவேன்.

வளைந்த சைக்கிள் றிம், துருவேறிய பம்புத் தலை,
கனடா போனவர்கள் விற்றுவிட்டுப் போன தையல் மெசின்,
அதற்கும் கீழே சாக்கு விரித்துப்
போத்தல்கள்.

நான் அவற்றைப் பார்ப்பதில்லை.
முதலில் திறப்பில்லாத ஒரு பூட்டை எடுத்துத் திருப்புவேன்.
"இது எவ்வளவு?"
பிறகு ஒரு கதவுப் பிணைச்சல். பிறகு
கால் உளைகிற சாக்கில்
சாக்கின் ஓரம் குந்துவேன்.
இப்படித்தான் ஆறு வருஷத்தில்
எழுபத்து மூன்று போத்தல் சேர்ந்தது,
வீட்டில் பதினொரு பூட்டும்.

அன்று அது கிடந்தது
சோடாப் போத்தல்களுக்கு நடுவே
ஒரு சாண் உயரம்கூட இல்லாமல்.
காரைநகர்க் கடல் முழங்காலளவில் காட்டும் நிறம்.
ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெலிவு,
கழுத்து மட்டும் சற்றே சரிவு,
காது கேளாதவர் ஒருவர் உற்றுக் கேட்பதுபோல.
உடலில் மேடெழுந்த ஆங்கில எழுத்துகள்:
பொஸ்ரன் என்ற ஊர் விளங்கியது.
வைத்தியரின் பெயரில் பாதியை
அச்சே பிடிக்கவில்லை.

மானிப்பாய் மிஷன் ஆஸ்பத்திரிக்கு
மருந்தோடு வந்திருக்கலாம்,
வராமலும் இருக்கலாம்.
போத்தலுக்கு உறுதி எழுதுவதில்லை,
தோம்பில் தேட முடியாது.

வெளிச்சத்துக்குப் பிடித்தால் உள்ளே குமிழிகள்.
ஊதியவனின் மூச்சு என்று சொல்லத் தோன்றும்.
அது பிழை. மணல் உருகும்போது
தப்ப முடியாத வெறும் காற்று.
அவன் மூச்சு
போத்தலுக்குள் இருக்கிற இல்லாமை முழுவதும்.

அடியைத் தடவினேன்.
இரும்புக் கோலில் ஒட்டி நிறுத்தி, வாய் வைத்து,
பிறகு தட்டி முறித்த இடம்.
சொரசொரப்பான ஒரு கொப்பூழ்.
மெசின் பெற்ற போத்தல்களுக்கு
இது கிடையாது.

முகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டேன்,
கந்தோரில் இருபது வருஷம் பழக்கிய முகம்.
"உதையும் பூட்டையும் சேர்த்து
முந்நூறு தரட்டோ?"

கபிரியேல் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.
"பூட்டு முந்நூறு. போத்தில் நாலாயிரம்."

"நாலாயிரமோ! உந்தப் பழம் போத்திலுக்கோ?"

"அக்கா, வேண்டாத போத்திலை நீங்கள் கழுத்தில பிடிப்பியள்.
வேணுமெண்டதை அடியில தடவுவியள்.
எனக்குப் போத்தில் தெரியாது.
உங்கட பெருவிரல் தெரியும்."

"அப்ப முந்தி ஏன் நூறுக்குத் தந்தனீங்கள்?"

"முந்தி வேற ஆள் இல்லை.
இப்ப கொழும்பிலயிருந்து ஒருத்தன் வாறான்.
அவனும் அடியைத்தான் தடவுறான்."

மூவாயிரத்து அறுநூறு.
பூட்டு இனாம்.

வீட்டில் வினாகிரியும் ஒரு பிடி பச்சையரிசியும் போட்டுக்
குலுக்கினேன். மண் போனது,
ஏதோ வேரின் நார் போனது,
கழுத்துக்குள் இருந்த கறுப்பு மட்டும் போகவில்லை.
அரிசியை மாற்றி மறுபடி குலுக்கினேன்.
மூக்கருகே வைத்தபோது விளங்கியது.
பொருளாதாரத் தடைக் காலத்தில் யாரோ
திரி போட்டு எரித்திருக்கிறார்கள்,
மண்ணெண்ணெயைத் துளி துளியாய் எண்ணி.
அந்த வெளிச்சத்தில் கணக்குப் பாடம் நடந்ததோ,
பிரசவம் நடந்ததோ,
சும்மா சாப்பிட்டார்களோ.

என் ஏட்டில் எழுபத்து நான்காம் இலக்கம்.
'குறைபாடு' என்ற நிரலில் எழுதினேன்:
புகைக்கறை.
பேனையை மூடி, பிறகு திறந்து
அதை வெட்டினேன்.
'முன்னைய உடைமையாளர்' நிரலில்
திரும்ப எழுதினேன்:
புகைக்கறை.
வெட்டிய இடத்தில் சிற்றொப்பம் வைத்தேன்,
பழக்கதோஷம்.

இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில்
பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டுதான்
அந்தக் கடைக்குள் நுழைகிறேன்.
கபிரியேல் தேத்தண்ணி குடித்தபடி
மடித்த விரலைப் பார்க்கிறார்.
விலை கூடுகிறது.